மொட்டை மாடியில் ஐந்தாவது இருக்கை

பேராவூரணி ஊருணிக்கரைத் தெருவில் முதல் விமான இருக்கை முளைத்த அன்று தமயந்திக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அது முளைத்திருந்த இடம் கொப்பரை காயப்போடும் இடம், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் எதிர்வீட்டுத் தென்னையின் நிழலும் எட்டாத ஒரே மூலை, அந்த மூலையை விட்டால் மாடியில் வெயிலுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கொப்பரையைத் திருப்பிப் போட ஏறி வந்தவள் முன்னால் அது நின்றது: நீலத் துணி போர்த்திய ஒற்றை இருக்கை, இரண்டு பக்கமும் கை வைக்கும் கட்டை, இடுப்பு பெல்ட், முன்னால் இன்னொரு இருக்கை இல்லாததால் அந்தரத்தில் நின்ற சாப்பாட்டுத் தட்டு, பக்கத்தில் சுவரே இல்லாமல் தன்னந்தனியாக ஒரு முட்டை வடிவ ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் நியாயப்படி அடுத்த வீட்டு அம்சவல்லியின் துணிக்கொடி தெரிய வேண்டும், தெரிந்ததோ மேகம், பஞ்சுப்பொதியாக, கீழே போய்க்கொண்டிருந்தது. தமயந்தி முதலில் கொப்பரை எத்தனை நசுங்கியிருக்கிறது என்று பார்த்தாள், அப்புறம் கணவனைக் கூப்பிட்டாள்.

தங்கையன் வந்தான், சுற்றிச் சுற்றிப் பார்த்தான், இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தான். அது அசையவில்லை.

"யாரும் கொண்டாந்து போடல, தமயந்தி. இது மொளச்சிருக்கு" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழ பேஞ்சா இது வழியா கீழ ஒழுகுமா?" என்று கேட்டான்.

ஒழுகாது என்று பிற்பாடு தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அன்று காலையில்தான் வங்கியிலிருந்து போனுக்குச் செய்தி வந்திருந்தது, உங்கள் கார்டில் சேர்ந்துள்ள பாயிண்ட் ஒருவர் விமானத்தில் போய்வரப் போதுமானது என்று. அதைப் படித்துச் சொன்னவள் மகள் நிலவரசி, பதினொன்றாம் வகுப்பு, வீட்டில் போனைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள்.

அந்தக் கார்டு வந்த கதை பெரிய கதை இல்லை. தமயந்தி பேராவூரணி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தாள், அந்தக் கடைக்கென்று வங்கிக்காரர்கள் ஒரு கிரெடிட் கார்டைக் கொடுத்தார்கள், தங்கையன் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்ததால் அவள் அதைப் புளிப்பானைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாள். சித்திரையில் போர்ட்பிளேரிலிருந்து ஒரு சேதி வந்த பிறகுதான் அதைத் தேடி எடுத்தாள். சேதி இதுதான்: தங்கை செவ்வந்தி, பதினோரு வருஷம் மருந்தும் மாயமுமாக அலைந்த செவ்வந்தி, முப்பத்தெட்டு வயதில் உண்டாகியிருக்கிறாள். ஆனால் டாக்டர் அவளைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார், பயணம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பொறந்த வீட்டிலிருந்து போய் வளையல் போட்டால்தான் வளைகாப்பு. பொறந்த வீட்டுக்கு அவள் வர முடியாது என்றால் பொறந்த வீடுதான் கடல் தாண்டிப் போக வேண்டும்.

பொறந்த வீடு என்றால் ஐந்து பேர்: தமயந்தி, தங்கையன், மகள் நிலவரசி, மகன் கபிலன், அப்பா வைரக்கண்ணு. கப்பலில் போனால் மூன்று நான்கு நாள் வாந்திதான், அப்பாவின் நெஞ்சு தாங்காது. விமானத்தில் ஐந்து பேர் போய்வருவதென்றால் ஒரு போகத் தேங்காயை மொத்தமாக விற்றாலும் கட்டாது. புயலில் விழுந்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இன்னும் பாளை விடவில்லை. அதனால்தான் நிலவரசி சொன்னாள், உரக் கம்பெனிக்கு அனுப்பும் பணத்தையெல்லாம் கார்டில் தேய்த்துவிட்டு, கையில் வரும் காசை அன்றன்றைக்கே வங்கியில் கட்டிவிட்டால் வட்டி கிடையாது, பாயிண்ட் மட்டும் மிச்சம், அந்தப் பாயிண்டில் டிக்கெட் எடுக்கலாம் என்று. தமயந்தி அப்படியே செய்தாள், வைகாசியில் மாடியில் இருக்கை முளைத்தது.

முதல் இருக்கை வைரக்கண்ணுவுடையது என்பதை பெல்ட்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம், ஆனால் பெல்ட்டை மாட்டப்போனால் எட்டாது, ஒல்லிக்குச்சி கபிலனுக்கே நாலு விரல்கடை குறைந்தது, தொந்தியும் துண்டுமாக வைரக்கண்ணு உட்கார்ந்தபோது மட்டும் டக்கென்று விழுந்து மாட்டிக்கொண்டது. பெரியவர் பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இறங்காமல் இருந்தார். மேகத்தைப் பார்த்தபடி, "சின்னது வீட்டுக்கு இந்த வழியாத்தான் போவணும் போல" என்றார்.

தெருவுக்குச் சேதி போக ஒரு பகல்கூட ஆகவில்லை. மறுநாள் அம்சவல்லி மாடி ஏறி வந்து, இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்து, "நல்லா சில்லுன்னு இருக்குடி" என்று சொல்லிவிட்டுப் போய், இட்லிமாவுக் குண்டானைக் கொண்டுவந்து ஜன்னலோரமாக வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வரிசையில் ஒருவர் வீட்டு மாவும் புளிக்கவில்லை. மூட்டுவலிக்காரர்கள் சாயங்காலம் வந்து ஆளுக்குக் கால்மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் தட்டில் வைத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள், புதிதாகக் கல்யாணமாகி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு ஜோடியை அவர்களுடைய அம்மாமார்கள் கூட்டிவந்து அந்த ஒற்றை இருக்கையில் நெருக்கி உட்கார வைத்தார்கள், அது வேலை செய்தது என்று சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை யாரோ கைக்கட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுவரி கட்டும் இடத்தில் இதையும் சொல்லிவிடுவது நல்லது என்று தங்கையன் போய்க் கேட்டான். கூரை இல்லாத நாற்காலிக்கு வரி இல்லை, ஜன்னலுக்குச் சுவர் கட்டினால் வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இது எதுவும் பெரிதில்லை, அந்த ஊர்க்காரர்கள் செய்த பெரிய காரியம் வேறு. பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து என்று ஒன்று உண்டு, ஆடியில் கொட்டகை போட்டு, கிடா வெட்டி, சோறு போட்டு, வருகிறவர்களிடம் மொய் வாங்குவார்கள். வாங்கியதை அவரவர் முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். அதில் பிள்ளை படித்தவர்கள் உண்டு, கிணறு வெட்டியவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு, தமயந்தியின் உரக்கடையே அப்படி வந்ததுதான். அதனால் அம்சவல்லி துணி துவைக்கிற மெஷின் வாங்கப் போனபோது தமயந்தியையும் கடைக்குக் கூட்டிப்போய் அவள் கார்டில் தேய்க்கச் சொல்லி, காசை அங்கேயே அவள் கையில் எண்ணி வைத்துவிட்டு, "இத எம் மொய்யா வச்சுக்க" என்றாள்.

"அக்கா, இது மொய்யில்ல. நீங்க வாங்குற சாமானுக்கு நீங்க காசு குடுக்குறிய. எனக்குப் பாயிண்ட்டு மட்டுந்தான் விழும்."

"விழுதுல்ல? நாளைக்கு நான் எம் மவனப் பாக்க டில்லிக்குப் போவணும்னா நீ தேய்ச்சுத் திருப்பிச் செய்யி. அதுக்குப் பேரு மொய்யில்லாம வேற என்னாங்குற?"

தமயந்தி காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கப்புறம் தெருவே கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடக் கட்டணம், மோட்டார் பம்பு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டு, மாட்டுத் தீவனம், இன்சூரன்ஸ், சிமெண்டு, எதை வாங்கினாலும் தமயந்தி கார்டில் தேய்த்துவிட்டுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொய் விருந்துகளில் பெயர் வாசிக்கிற மைக்செட் சின்னத்துரைக்கு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை, ஒரு ஒலிபெருக்கியை ஊருணிக்கரை வேப்பமரத்தில் கட்டி, "தெக்கு வீட்டு மாரிமுத்து அவர்கள், பசுமாட்டுத் தீவனம் ஆறு மூட்டை, தமயந்தி குடும்பத்தாருக்குத் தேய்த்திருக்கிறார்கள்" என்று சாயங்காலந்தோறும் வாசித்தான். கேட்டவர்கள் தங்கள் பெயரும் வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே தள்ளிப்போட்டிருந்த சாமான்களை வாங்கினார்கள்.

ஆனியிலேயே இரண்டாவது முளைத்தது, பெல்ட் கபிலனுக்கு விழுந்தது. மூன்றாவது நிலவரசிக்கு. நான்காவது தங்கையனுக்கு, அவன் அதில் உட்கார்ந்து தட்டில் வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொண்டு கொப்பரை வியாபாரத்தையே அங்கிருந்து பேச ஆரம்பித்தான். நான்கு இருக்கைகளும் வரிசையாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஜன்னல்கள் நான்கிலும் ஒரே மேகம் முன்னும் பின்னுமாக. வெளியூரிலிருந்து வேன் வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் என்று சொல்லும்போது ஊருணிக்கரைக்காரர்களின் குரல் ஒரு படி ஏறித்தான் இருந்தது.

ஐந்தாவது மட்டும் வரவில்லை.

பாயிண்ட் சேர்ந்துவிட்டது, ஐந்து பேருக்கும் போதும் என்று போன் சொன்னது, அதற்கு மேல் மிச்சமும் இருந்தது. ஆனால் நிலவரசி ஐந்து டிக்கெட் போடப்போனால் போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நான்கு என்று போட்டால் உடனே சரி என்று சொல்லும். தெரு இதற்கும் காரணம் கண்டுபிடித்தது. தண்ணீர்த் தொட்டி ஈசானியத்தில் இருக்கிறது, இடித்துவிட்டு மாற்றிக் கட்டு என்றார்கள் சிலர். மைக்செட் சின்னத்துரை மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "அது வீட்டுக்காரி சீட்டு. எல்லாரும் சாப்புட்டு எந்திரிச்சப்புறம் தான வீட்டுக்காரி உக்காருவா? வரும், வரும்" என்றான். பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

தமயந்திக்குக் காரணம் தெரியும், அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் போக விருப்பமில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செத்துப்போனாள். தமயந்திதான் தங்கைக்குப் போன் செய்தாள், போனில் அழுதாள், கத்தினாள், நீ வந்தால்தான் எடுப்போம் என்றாள். செவ்வந்தி கடைசியில் மெல்லிய குரலில் சொன்னது ஒன்றுதான்: அவருக்கு லீவு கிடைக்கவில்லை அக்கா. செவ்வந்தியின் கணவன் முனீஸ்வரன் போர்ட்பிளேரில் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவன், சொந்த வண்டி ஓட்டுகிறவனுக்கு யார் லீவு கொடுக்க வேண்டும்? பொய்யாவது கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கக்கூடாதா என்பதுதான் தமயந்திக்கு ஆறவே இல்லை. சாயங்காலம் வரை வைத்திருந்து எடுத்தார்கள். பதினாறாம் நாளுக்கும் செவ்வந்தி வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா தங்கை பேசிக்கொள்வதெல்லாம் அப்பாவின் போன் வழியாக, அக்கா நல்லாயிருக்கா, ம், தங்கச்சி நல்லாயிருக்கா, ம், அவ்வளவுதான். இப்போது அம்மா இடத்தில் நின்று வளையல் போட வேண்டியவள் அவள், போகாமல் இருந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும், அதற்காகத்தான் அவள் வேகாத வெயிலில் கார்டைத் தேய்த்துக்கொண்டு திரிந்தாள். நாலு இருக்கை வந்து தனக்கு வராமல் போனபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆடி பிறந்ததும் வங்கியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பாயிண்டின் மதிப்பு குறையும், இது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொருந்தும், தொடர்ந்து எங்களுடன் இணைந்திருப்பதற்கு நன்றி. மறுநாள் காலையிலிருந்து இருக்கைகள் சுருங்க ஆரம்பித்தன. ஒரே நாளில் இல்லை, சோப்புக்கட்டி கரைவதைப்போலத்தான், ஆனால் ஆடிப்பெருக்கு வருவதற்குள் தங்கையனின் முழங்கால் தட்டில் இடித்தது, வைரக்கண்ணு பக்கவாட்டில் நுழைந்து உட்கார வேண்டியதாயிற்று, ஜன்னல்களில் மாவுக்குண்டான் வைக்க இடமில்லாமல் டம்ளர் வைத்தார்கள். அதுவரை, டிக்கெட் போட்டால் இருக்கைகள் போய்விடுமே என்று உள்ளுக்குள் வருத்தப்பட்ட தெருவுக்கு இப்போது உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மாவு போனால் போகட்டும், பிள்ளைத்தாய்ச்சி வெறுங்கையோடு கிடப்பாளே என்று அம்சவல்லி கண்ணைக் கசக்கினாள்.

ஐந்தாவது இருக்கைக்கென்றே ஒரு மொய் விருந்து வைத்தார்கள். ஊருணிக்கரை முழுக்கக் கொட்டகை, கிடாக்கறி, சோறு, ரசம். வழக்கமாக மொய்ப்பணம் வாங்குகிற மேசையில் தமயந்தியை உட்காரவைத்தார்கள். வருகிறவர்கள் வாங்க வேண்டிய சாமானைச் சொல்ல, கடைக்காரர்கள் அங்கேயே கார்டு மெஷினை நீட்ட, தமயந்தி தேய்க்க, சின்னத்துரை மைக்கில் வாசிக்க, சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு கிராமத்துக்கு வேண்டிய கட்டிலும் பீரோவும் தண்ணீர்க் குழாயும் விற்றுத் தீர்ந்துவிட்டன. வாழைக்கன்று வாங்கக்கூடத் தேய்த்தார்கள். பந்தி முடிந்ததும் கையைக்கூடத் துடைக்காமல் எல்லோரும் மாடிக்கு ஏறிப்போய்ப் பார்த்தார்கள். மாடியில் நான்கு இருக்கைகள் இருந்தன, நான்கும் ஒரு சுற்று சிறுத்திருந்தன.

"தம்பி சின்னத்துர, இன்னும் எத்தன பந்தி முடியணும்டா?" என்று யாரோ கேட்டார்கள். சின்னத்துரை மைக்கைக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் தமயந்தி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நாலு டிக்கெட்டப் போட்டுருவோம். நீங்க போயிட்டு வாங்க. கடையப் பாக்க ஆளு வேணும்ல."

வைரக்கண்ணு பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "வளையப் போட யாரு நிப்பாம்மா? ஒங்கம்மா எடத்துல நீதான நிக்கணும்."

"மாப்புள பக்கத்து ஆளு யாராச்சும் போடட்டும்ப்பா."

பெரியவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். தங்கையன்தான் விடவில்லை. நாலு பேர் பாயிண்டில் போகிறோம், ஐந்தாவது ஒரு டிக்கெட்டைக் காசு கொடுத்து எடுத்தால் என்ன, எவ்வளவு ஆகிவிடும், போனைக் கொண்டா பார்ப்போம் என்று கிளம்பினான். பார்த்தது அவனேதான், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கி, சென்னையிலிருந்து போர்ட்பிளேர் என்று போட வேண்டியதைப் போர்ட்பிளேரிலிருந்து சென்னை என்று தலைகீழாகப் போட்டு, தேதி கேட்ட இடத்தில் என்னத்தையோ அமுக்க அது நாளைய தேதியைப் பிடித்துக்கொண்டது. விலை வந்ததும் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"என்னாம்மா இது. அங்கேருந்து நாளைக்கே பொறப்படுறதுன்னா இவ்வளவா கேக்குறான்? ஒரு ஆளுக்கா?"

தமயந்தி குழம்புச் சட்டியைக் கையில் வைத்தபடியே எட்டிப் பார்த்தாள். மூன்று மாதமாக டிக்கெட் விலையோடு மல்லுக்கட்டியவள், எப்போது குறையும் எப்போது ஏறும் என்று மகளோடு உட்கார்ந்து பார்த்தவள், ஆனால் அவள் பார்த்ததெல்லாம் இரண்டு மாதம் கழித்துப் போகிற டிக்கெட், இங்கிருந்து போகிற டிக்கெட். அங்கிருந்து, உடனே, இன்றைக்கே என்று நிற்கிறவளுக்கு என்ன விலை சொல்வார்கள் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. லோடு வண்டிக்காரன் ஒருவன் ரெண்டு மாசம் வண்டி ஓட்டினாலும் அது தேறாது என்று அவளுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் என்றால் அதில் இன்னொரு மடங்கு.

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். உச்சி வெயில், கொப்பரை வாசனை, ஆளுக்கொரு டம்ளர் மாவோடு சுருங்கிக் கிடந்த நாலு ஜன்னல்கள். நான்கு வருஷமாகத் தானாக அழைக்காத நம்பரை அழைத்தாள்.

"அப்பா?" என்றது செவ்வந்தியின் குரல்.

"நாந்தான்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. "அக்கா? என்னாக்கா, அப்பாவுக்கு என்னாச்சு?"

"அப்பாவுக்கு ஒன்னுமில்ல. நீ எந்திரிக்காத, படு. ஒன்னு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. அம்மா செத்த அன்னைக்கு டிக்கெட்டு என்னா வெல சொன்னாங்க?"

"அத எதுக்குக்கா இப்ப."

"சொல்லுடி."

"என்னான்னு சொல்ல. ரெண்டு பேருக்கு வேணாம், ஒரு ஆளுக்குப் போடுங்கன்னுதான் கேட்டேன். அதுக்கே இல்ல. தாலியில இருந்த குண்டுமணிப் பொன்ன எடுத்துக்கிட்டு, மஞ்சக் கயித்தக் கட்டிக்கிட்டு அடகுக் கடைக்குப் போனேன். ஞாயித்துக்கெழம, கட தெறக்கல. அவரு கடக்காரரு வீட்டத் தேடிப் போனாரு, நான் கட வாசல்ல நின்னேன். நிக்கயிலேயே அப்பா போன் பண்ணுனாரு, எடுத்துட்டோம்னு."

"லீவு இல்லைன்னு சொன்னியே."

"காசு இல்லைன்னு சொன்னா அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்புவாருக்கா. காரியத்துக்கே கடன் வாங்கிக்கிட்டு இருந்திய. அந்த நேரத்துல எனக்கு வாயில வந்தது அதான்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டச் சொல்லத்தான் மறுபடி கூப்புட்டேன். எடுத்த ஒடனே நீ கத்துன. அப்புறம் பயமாப் போச்சு."

தமயந்தி அழுதாள். அம்மா செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள், மூக்கை முந்தானையில் சிந்திக்கொண்டு, அடுத்த வீட்டு மாடியிலிருந்து அம்சவல்லி பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் அழுதாள். நான்கு வருஷம் தன் துக்கத்தை மட்டுமே பெரிதாக வைத்துக்கொண்டு, பூட்டின கடை வாசலில் வெறும் மஞ்சள் கயிற்றோடு நின்ற ஒருத்தியைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு ஆறவில்லை. செவ்வந்தியும் அழுதாள், அழாதே வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று இவள் சொல்லச் சொல்ல அழுதாள், அப்புறம் இருவரும் ஓய்ந்துபோய், மாங்காய் தின்கிறாயா, கால் வீங்கியிருக்கிறதா, பிள்ளை உதைக்கிறதா என்று பேசத் தொடங்கினார்கள். பேசிக்கொண்டே இருந்தபோதுதான் அம்சவல்லி மாடிச் சுவரில் எக்கி நின்று கையை ஆட்டினாள்.

"ஏ தமயந்தி, கீழ பாருடி. எதுல ஒக்காந்திருக்கன்னு பாரு."

தமயந்தி பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்தது நீலத் துணி போர்த்திய இருக்கையில். சுருங்கவே இல்லாத, முழு அளவு இருக்கை. பெல்ட்டை எடுத்து இடுப்பில் சுற்றினாள், அது டக்கென்று விழுந்தது.

அன்று சாயங்காலமே நிலவரசி ஐந்து டிக்கெட்டையும் போட்டாள், வட்டம் ஒரே ஒரு சுற்று சுற்றியது. சரி என்று திரை சொன்னதும் மாடியிலிருந்த இருக்கைகள் ஐந்தும் ஜன்னல்களும் இல்லாமல் போயின, ஜன்னலோரம் இருந்த மாவு டம்ளர்கள் மட்டும் கணகணவென்று தளத்தில் விழுந்தன, அம்சவல்லி அவற்றைப் பொறுக்கிக்கொண்டே இனி ராத்திரி ஆட்டினால் காலையில் பொங்கி வழியப்போகிறது என்று புலம்பினாள். புலம்பியவள் அதோடு நிற்கவில்லை. "மொய் திருப்பிச் செய்யிறத மறந்துராத. எனக்கு மூணு டிக்கெட்டு, டில்லிக்கு" என்றாள்.

மறக்க வழியே இல்லாமல் போயிற்று. ஆவணி முதல் வாரம் சென்னைக்கு ரயில் ஏற வேன் வந்து நின்றபோது, கண்ணாடி வளையல் டஜன் டஜனாகப் பெட்டியிலும், புளிக்காய்ச்சல் தூக்கிலும், அம்மாவின் பழைய பட்டு ஒன்று தனிப்பையிலுமாக எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தபோது, தெருவே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. முந்தின வாரம் தமயந்தி உரக் கம்பெனிக்கான பணம் முழுவதையும் அம்சவல்லி வாங்கிய புதுக் கார்டில் தேய்த்திருந்தாள். அம்சவல்லி வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு கைக்கட்டை, புதுத் துளிர்போல, நீலமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்து மாரிமுத்து வீடு, அதற்கடுத்து சின்னத்துரை, அவனுக்கு யாழ்ப்பாணம் போய் வர ஆசையாம். மைக்கில் அவன் பயணம் நல்லபடியாக அமைய வாழ்த்தினான், வேன் திரும்புகிற வரைக்கும் வாழ்த்திக்கொண்டே இருந்தான்.

விமானத்தில் அவர்கள் ஐந்து பேரும் ஒன்றும் புதிதாகப் பார்க்கவில்லை, மேகம் அதே மேகம்தான், பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று வைரக்கண்ணு பக்கத்து இருக்கையில் இருந்த பேண்ட் போட்ட ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கீழே கடல் வந்தபோது மட்டும் தமயந்தி ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். எவ்வளவு தூரம், எவ்வளவு தண்ணீர் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

போர்ட்பிளேரில் மழை பெய்துகொண்டிருந்தது. முனீஸ்வரன் லோடு வண்டியில் தார்ப்பாய் கட்டி வந்திருந்தான், மாமனாரை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பின்னால் ஏற்றி, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீட்டின் முன்னால் நிறுத்தினான். அக்கம்பக்கத்தில் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் பேசுகிற பெண்கள் வாசலில் வந்து நின்று, இவ்வளவு ஆளா என்று பார்த்தார்கள். தமயந்தி கடைசியாக இறங்கினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று நினைத்துக்கொண்டே வந்தவளுக்கு வாசலைப் பார்த்ததும் கால் தயங்கியது. செருப்பெல்லாம் சேறு, வாரைக் கழற்றவும் வரவில்லை. படியோரம் குனிந்து நின்றுவிட்டாள்.

அப்பா உள்ளே போனார். உள்ளிருந்து "அப்பா" என்றது கட்டிலில் கிடந்த குரல். மூட்டை முடிச்சோடு தங்கையன் போனான். "வாங்கத்தான்" என்றது. பிள்ளைகள் போனார்கள், எவ்வளவு வளர்ந்துவிட்டீர்கள் என்று சிரிப்பும் அழுகையுமாக ஏதோ சொன்னது. அதற்குப் பிறகு காலடிச் சத்தம் எதுவும் இல்லை, கூரையில் மழைச் சத்தம் மட்டும். எல்லோரும் வந்து முடிந்துவிட்டார்கள் என்று உள்ளே இருந்தவள் நினைத்திருக்க வேண்டும்.

"அக்கா வரலியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருடி" என்றாள் தமயந்தி வாசலிலிருந்து. "செருப்பக் கழட்டுறேன்."